சீலிங் விழுந்ததற்கான படிவம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், நோர்பரியில் கிறிஸ்துநாயகம் வீட்டு முன்னறைச் சீலிங்கில் சரிபாதி இறங்கி வந்து அவருடைய செற்றியில் அமர்ந்தது. அவர் அப்போதுதான் தேத்தண்ணி எடுக்க எழும்பிக் குசினிக்குப் போயிருந்தார். அரை நிமிடம் பிந்தியிருந்தால் இந்தக் கதையை அவருடைய மனைவி டொலறஸைக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

சீலிங்கைத் தொடர்ந்து தண்ணீர் வந்தது. தண்ணீரோடு ஒரு நண்டும் வந்தது.

விசாரித்ததில் விஷயம் எளிமையாகவே இருந்தது. டொலறஸ் அன்று காலை டூட்டிங்கில் உயிர்நண்டு நாலு வாங்கி வந்து, குசினியில் ஒரு பையில் வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் தையல் உடுப்பு எடுக்கப் போயிருந்தாள். வீட்டுப் பிள்ளை பாமா பையைத் திறந்து பார்த்தாள். நண்டுகள் சோர்ந்து கிடந்தன. அவற்றை மேலே கொண்டுபோய்க் குளியல் தொட்டியில் விட்டு, தண்ணீர் நிரப்பி, அவை கடல் நண்டுகள் என்பதால் ஒரு பக்கெற் உப்பையும் உடைத்துக் கொட்டினாள். தொட்டி பழையது. மேல்விளிம்புக்குக் கீழே மிஞ்சும் தண்ணீர் வெளியேறுவதற்கென்று இருந்த துவாரத்தின் மூடி எப்போதோ காணாமற்போயிருந்தது. அதற்குள்ளால் நண்டு ஓடிவிடும் என்று தன் இரண்டு சொக்ஸையும் கழற்றி அதை அடைத்தாள். ஓடுகிற தண்ணீர் என்றால் நல்லது என்று பைப்பைக் கொஞ்சம் திறந்தபடி விட்டாள். பிறகு காவலிருந்து அலுத்துப்போய், தன் கட்டிலில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

பாமாவுக்கு ஒன்பது வயது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ‘சின்னம்மா’வுடன் ஹீத்ரோவில் வந்திறங்கினாள். கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்ன சின்னம்மா இன்னும் திரும்பி வரவில்லை. சொந்தத் தாய் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். பெயரைச் சொல்லத் தேவையில்லாத ஒரு கவுன்சில், பிள்ளையை வைத்து வளர்க்கத் தமிழ்க் குடும்பம் தேடியது. மாதா கோயிலில் பூசை முடிந்து சுவாமியார் அதை அறிவித்தபோது டொலறஸின் கை தானாக உயர்ந்தது. பதினெட்டு வருடமாகப் பிள்ளையில்லாத வீடு. கிறிஸ்துநாயகம் பக்கத்தில் உயர்ந்திருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தானும் உயர்த்தினார்.

திங்கட்கிழமை கவுன்சிலின் சமூக சேவை உத்தியோகத்தர் மிஸ் பிறிங்கிள் வந்தாள். ஆசியர்களின் வீட்டுப் பழக்கங்கள் பற்றி ஒருநாள் வகுப்புக்குப் போய் வந்தவள் ஆகையால் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சொக்ஸ் காலோடு ஈரக் கம்பளத்தில் நடந்து முன்னறைக்கு வந்தாள். சீலிங் இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இதைச் சேதம் என்று நான் சொல்லமாட்டேன்,” என்றாள். “பிள்ளை தன் உணர்வுகளைத் தண்ணீர் மூலம் வெளிப்படுத்தியிருக்கிறாள்.”

“கீழை வெளிப்படுத்திப்போட்டாள், மிஸ்,” என்றார் கிறிஸ்துநாயகம்.

“கவலைப்படாதீர்கள். இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது.”

அதைக் கேட்டதும் கிறிஸ்துநாயகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. இப்போது அவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை என்றாலும், மன்னாரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பதினாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். படிவத்தைக் கண்டால் பேனை மூடியைத் தானாகவே கழற்றும் கை அவருடையது. வளர்ப்புப் பிள்ளையால் சீலிங் விழக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து அச்சடித்து வைத்திருக்கிற நாட்டில்தான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

படிவம் பதினாலு பக்கம். பதினோராம் பக்கம் வரைக்கும் அவருடைய பேனை ஓடியது. முப்பத்தேழாம் கேள்வியில் நின்றது. சேதம் வேண்டுமென்றே விளைவிக்கப்பட்டதா, தற்செயலாக விளைந்ததா என்று அது கேட்டது. பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மட்டும் புள்ளடி இடவும்.

“எதிலை போடுறது மிஸ்?”

“அது முழுக்க உங்கள் சுதந்திரம். வேண்டுமென்றே என்று போட்டால் கவுன்சில் நட்டத்தைத் தரும்.”

“அப்ப அதிலையே போடுவம்.”

“தாராளமாக. ஆனால் வேண்டுமென்றே வீட்டை நாசமாக்குகிற பிள்ளையைச் சாதாரண வீட்டில் வைத்திருக்க விதி இடம் கொடுக்காது. விசேட நிலையம் ஒன்றுக்கு மாற்ற வேண்டியிருக்கும். தென்மேற்கே தூரத்தில், டெவனில் அருமையான ஒன்று இருக்கிறது. குதிரைகள் இருக்கின்றன.”

“அங்கை தமிழ் ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

மிஸ் பிறிங்கிள் கொஞ்சம் யோசித்தாள். “குதிரைகள் இருக்கின்றன,” என்றாள் மறுபடியும்.

“அப்ப மற்றக் கட்டத்திலை போட்டால்?”

“தற்செயல் என்றால் மேற்பார்வைக் குறைவு. உங்கள் மேற்பார்வை. உங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது பற்றி யோசிப்பார்கள். நீக்கினால் பிள்ளையை வேறு இடத்துக்கு...”

“டெவனுக்கோ?”

“நீங்கள் விரைவாகப் புரிந்துகொள்கிறீர்கள்.”

குசினி வாசலில் நின்ற டொலறஸ் முன்னுக்கு வந்தாள். “இஞ்சேருங்கோ, காசே வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சீலிங் விழுந்தது எங்கடை வீட்டிலை. நாங்கள் கட்டிக்கொள்ளுறம்.”

கிறிஸ்துநாயகம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மிஸ் பிறிங்கிளின் முகம் உண்மையாகவே வாடியது.

“நான் பார்த்துவிட்டேனே,” என்றாள். “பார்த்ததைப் பார்க்காததாக்க என்னிடம் படிவம் இல்லை.”

அடுத்த நாள் அவர் வீட்டுக் காப்புறுதிக் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். வளர்ப்புப் பிள்ளை குடும்பத்தில் ஒருவர், குடும்பத்தில் ஒருவர் வேண்டுமென்று செய்ததற்குக் காசு இல்லை, தற்செயல் என்று கவுன்சில் ஒரு கடிதம் தந்தால் யோசிக்கலாம் என்றது ஒரு இனிமையான குரல். கவுன்சிலுக்கு எடுத்தார். காப்புறுதிக் கொம்பனி முடியாது என்று கடிதம் தந்த பிறகுதான் தாங்கள் எந்தக் கடிதமும் தரலாம் என்றது அதைவிட இனிமையான இன்னொரு குரல். இரண்டு குரல்களையும் ஒன்றோடொன்று பேச விட்டால் நல்ல சோடியாக அமையும் என்று கிறிஸ்துநாயகத்துக்குத் தோன்றியது.

கச்சேரிக் காலத்து மூளை அன்றிரவு முழுக்க வேலை செய்தது. விடிந்ததும் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தார். முப்பத்தேழாம் கேள்விக்குப் பக்கத்தில், இருந்த கட்டங்களின் அளவிலேயே, மூன்றாவதாக ஒரு கட்டம் கீறினார். ‘பிள்ளை நண்டைக் காப்பாற்றப் போய் நடந்தது’ என்று அழகான எழுத்தில் எழுதி, அதில் புள்ளடி போட்டு அனுப்பினார்.

ஒன்பது நாளில் பதில் வந்தது. படிவங்கள் கவுன்சிலின் சொத்து. அதில் கட்டம் கீறியதன் மூலம் அவர் கவுன்சிலின் சொத்துக்குச் சேதம் விளைவித்திருக்கிறார். அந்தச் சேதம் வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா என்று பதினாலு நாளுக்குள் அறியத்தரவும்.

அந்தக் கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. ‘நண்டு’ என்ற சொல் இப்போதுதான் கோப்பில் முதன்முறையாக வருகிறது. வளர்ப்பு வீட்டில் பிராணிகள் வைத்திருக்க அனுமதி பெறப்பட்டதா? அவை இப்போது எங்கே?

கிறிஸ்துநாயகம் பொய் சொல்லிப் பழகாத மனிதர். ‘சாப்பிட்டுவிட்டோம்’ என்று எழுதினார்.

அதன் பிறகு கவுன்சில் வேகமாக இயங்கியது. பராமரிப்பில் உள்ள பிள்ளை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய செல்லப்பிராணிகளை வளர்ப்புப் பெற்றோர் கறிவைத்துத் தின்றிருக்கிறார்கள் என்று கோப்பு சொன்னது. பிள்ளையின் துக்கத்தை ஆற்றுவதற்காக ஓர் ஆலோசகர் வந்தார். மென்மையான குரல், கையில் ஒரு கரடிப் பொம்மை. பாமாவைத் தரையில் இருத்தி, தானும் இருந்து, கிறிஸ்துநாயகத்தை மொழிபெயர்க்கச் சொன்னார்.

“அந்த நண்டுகளை நினைக்கும்போது உனக்கு என்ன தோன்றுகிறது?”

பாமா யோசித்தாள். “உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு.”

கிறிஸ்துநாயகம் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். ஆலோசகரின் பேனை நின்றது.

“நீயும் சாப்பிட்டாயா?”

“ரெண்டு.”

“பிறகு ஏன் அவற்றைக் காப்பாற்றினாய்?”

இந்தப் பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பாமா கிறிஸ்துநாயகத்தைப் பார்த்தாள். “செத்த நண்டு கறிக்குச் சரிவராது மாமா. அம்மா சொல்லித் தந்தவா. மாமி வாறதுக்குள்ளை செத்திடும் எண்டுதான் விட்டனான்.”

ஆலோசகர் நீண்டநேரம் எழுதினார். கரடிப் பொம்மையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அவருடைய அறிக்கையில், பிள்ளை தன் துக்கத்தைப் பசியாக மாற்றிக்கொண்டிருப்பதாக இருந்தது.

பங்குனியில் கவுன்சிலின் நட்ட மதிப்பீட்டாளர் மிஸ்டர் தோர்ப் வந்தார். கோட்டும் குடையுமாக உயர்ந்த மனிதர். விழுந்த பாதியின் நீள அகலத்தை அளந்தார். தண்ணீரில் உப்பு இருந்ததை அறிந்து, உப்பு போட்டது திட்டமிட்ட செயலைக் காட்டுகிறது என்றார். சொக்ஸ் ஒன்றா இரண்டா என்று கேட்டார். இரண்டு என்றதும் புருவத்தை உயர்த்தி, “ஒன்று என்றால் தற்செயல் என்று வாதாடலாம்,” என்றார்.

பிறகு விழாமல் நின்ற மற்றப் பாதியைப் பார்த்தார். “எங்கள் கடமை சேதமானதற்கு மட்டும்தான் காசு கொடுப்பது. இந்தப் பாதி உறுதியாக இருக்கிறதா என்று நான் திருப்திப்பட வேண்டும்.” கதிரையில் ஏறி, குடையின் முனையால் அதை மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

அது உறுதியாக இருக்கவில்லை.

புழுதி அடங்கியபோது மிஸ்டர் தோர்ப், கோயிலில் புதிதாக வெள்ளையடித்த சொரூபம்போலக் கதிரையில் அப்படியே நின்றார். டொலறஸ் “மாதாவே” என்று துவாயை எடுக்க ஓடினாள். அப்போது படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த ஐந்தாறு மாதத்தில் அவள் சத்தமாகச் சிரித்து அவர்கள் கேட்டதில்லை. கிறிஸ்துநாயகம் சீலிங்கை மறந்து அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாமா,” என்றாள் அவள், மூச்சு வாங்க. “இவருக்கு எந்தக் கட்டம்? வேணுமெண்டு செய்தவரோ, தற்செயலோ?”

மிஸ்டர் தோர்ப் கோட்டுப் பைக்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு பக்கம் கொண்ட படிவத்தை எடுத்தார். கவுன்சில் உத்தியோகத்தர் கடமையின்போது விளைவித்த சேதத்துக்கானது அது. அதில் மூன்று கேள்விகள்தான் இருந்தன. எங்கே, எப்போது, எவ்வளவு. ஏன் என்று அது கேட்கவில்லை. அவரே நிரப்பி, அவரே ஒப்பமிட்டார்.

நாலாம் நாள் காலையில் வேலையாட்கள் இருவர் பலகையும் சாந்துமாக வந்து இறங்கினார்கள். அருமையான வேலை. சுவரில் மிஸ்டர் தோர்ப் பென்சிலால் கீறிவிட்டுப் போன கோடுவரைக்கும் சீலிங் போட்டு, பூசி, வெள்ளையடித்து, கோட்டில் நிறுத்தினார்கள். கிறிஸ்துநாயகம் தேத்தண்ணியோடு போய், மிச்சப் பலகை மற்றப் பாதிக்கும் காணும்போல இருக்கிறதே என்று கேட்டார்.

“காணும்,” என்று ஒத்துக்கொண்டான் ஒருவன். “ஆனால் அது பிள்ளையின் பாதி.” மிச்சப் பலகையைத் தங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கவுன்சில் பக்கமாகவே அமர்ந்தார்கள்.

சித்திரையில் கடைசிக் கடிதம் வந்தது. முப்பத்தேழாம் கேள்விக்கு விடை கிடைக்காததால் விஷயம் குழுவின் முன் வைக்கப்படும். பிள்ளையையும் அழைத்து வரவும். டெவனில் ஓர் இடம் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. டொலறஸ் அதை இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டாள். பிறகு மேலே போய், பாமாவின் உடுப்பு அலுமாரியைத் திறந்து, மடித்திருந்ததையெல்லாம் எடுத்து மறுபடியும் மடித்து வைத்தாள். கிறிஸ்துநாயகம் படியில் நின்று பார்த்தார். 

குழுவில் ஏழு பேர். நடுவில் ஒரு தட்டில் பிஸ்கற். தலைவி மிஸஸ் லாங்டன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தொடங்கினாள்.

“முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மேசையின் மையத்தில் இருப்பது பிள்ளைதான்.”

கதிரை போதாததால் பாமாவைக் கதவோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கனகலிங்கம் நின்றார். யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி தும்மினால் அதையும் மொழிபெயர்த்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர்.

நிதிப் பகுதியிலிருந்து வந்தவர் பேசினார். “காசு எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தச் சீலிங் நானூற்றிருபது பவுண். இது பற்றிய கூட்டங்களுக்கு இதுவரை ஆயிரத்து முந்நூறு செலவழித்திருக்கிறோம். கொடுப்பதற்கு நாங்கள் பயந்தவர்கள் இல்லை. யாருக்காவது கிடைத்துவிடுமோ என்பதுதான் கவலை.”

எல்லோரும் தலையசைத்தார்கள். மிஸ் பிறிங்கிள் பிள்ளையின் நலன் பற்றிப் பேசினாள். அந்த நலன் டெவனில் இருப்பதாகவே அவளுடைய பேச்சு போய் முடிந்தது. பிறகு ஒருவர் மேசையில் படங்களைப் பரப்பி வைத்து, குதிரைகள் பற்றி விரிவாகச் சொன்னார்.

“மிஸ்டர் கிறிஸ்துநாயகம்,” என்றாள் மிஸஸ் லாங்டன். “இன்று நீங்கள் ஒரு கட்டத்தைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். வேண்டுமென்றா, தற்செயலா?”

அவர் கையில் பதினாலு பக்கப் படிவம் இருந்தது. இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியும் மனப்பாடம். எழுந்து நின்றார்.  பாமாவின் பக்கம் பார்த்தார். அவள் பிஸ்கற் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழாம் கேள்வியையும் அதற்கு முன்னால் இருந்த முப்பத்தாறையும் அவர் மனத்துக்குள் இன்னொருமுறை ஓடவிட்டார். கச்சேரியில் பதினாறு வருடம் கற்ற வித்தை அந்த நேரத்தில் கைகொடுத்தது.

“அம்மணி, இந்தப் படிவத்திலை ஏன் நடந்தது எண்டு கேட்டிருக்கிறியள். எப்பிடி நடந்தது எண்டு கேட்டிருக்கிறியள். ஆர் செய்தது எண்டு ஓரிடத்திலையும் கேக்கேல்லை.”

ஏழு பேரும் படிவத்தைப் புரட்டினார்கள். தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. மிஸ் பிறிங்கிள் இரண்டு தரம் புரட்டினாள்.

“கேட்கவில்லைத்தான்,” என்றாள் மிஸஸ் லாங்டன், மெல்ல. “யார் செய்தது?”

“நான்,” என்றார் கிறிஸ்துநாயகம். “நண்டைத் தொட்டியிலை விட்டது நான். சொக்ஸ் வைச்சதும் நான்.” பழக்கமில்லாத வேலை, காதுகள் இரண்டும் சூடேறின.

 மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு பரவியது. பிள்ளை செய்யவில்லை என்றால் படிவமே பொருந்தாது. படிவம் பொருந்தாவிட்டால் கோப்பை மூடலாம். கோப்பை மூடினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

“ஒரு மனிதன் தன் சொந்தச் சீலிங்கைத் தானே விழுத்தினால்,” என்றாள் மிஸஸ் லாங்டன், குரல் கனிந்து, “அதில் இந்தக் கவுன்சில் தலையிடாது. அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் நீங்கள் இந்த நாட்டுக்கு வந்தீர்கள். மேற்பார்வையில் குறையேதும் இல்லை. பிள்ளை நித்திரையாகத்தானே இருந்திருக்கிறாள். தண்ணீரைப் பாதுகாப்பாகப் பாவிப்பது பற்றி ஆறு வார வகுப்பு ஒன்று நடத்துகிறோம். அதற்கு மட்டும் வாருங்கள்.”

இத்தனை நேரமும் கனகலிங்கம் எல்லாவற்றையும் பாமாவின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா சொன்னதும் வந்து சேர்ந்தது. பாமா நிமிர்ந்தாள்.

“பொய்!” என்று கத்தினாள். “மாமா வைக்கேல்லை! நான்தான் வைச்சனான்! அது என்ரை சொக்ஸ்!”

ஏழு தலைகள் திரும்பின. “பிள்ளை என்ன சொல்கிறாள்?”

கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பிள்ளையைப் பார்த்தார், கிறிஸ்துநாயகத்தைப் பார்த்தார், மேசையில் விரிந்து கிடந்த குதிரைப் படங்களைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“மாமா பிழையை ஒப்புக்கொண்டது தனக்கு மிகவும் சந்தோஷம் என்று சொல்கிறாள்.”

“கோபமாகச் சொன்னதுபோல இருந்ததே?”

“எங்கள் மொழியில் சந்தோஷத்துக்குச் சத்தம் கொஞ்சம் கூட, மேடம்.”

மிஸஸ் லாங்டன் அதையும் பதிவு செய்யச் சொன்னாள். கோப்பு மூடப்பட்டது.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துநாயகத்துக்கு நடக்கும்போது உடல் பாரமே இல்லாததுபோல இருந்தது. பிள்ளையின் பாதிச் சீலிங்கை ஐந்து சனிக்கிழமை கூடுதல் ஷிப்ட் செய்து கட்டிவிடலாம். ஞாயிறு சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இந்தப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதைச் சொல்லச் சொல்லச் சிரிப்பு வராமல் இருந்தால் போதும்.

பாமா மட்டும் மூன்று அடி முன்னால், திரும்பிப் பாராமல் நடந்தாள். பஸ் தரிப்பில் வந்து நின்றும் முகத்தைக் காட்டவில்லை.

“என்ன பிள்ளை, கோவமோ?”

அவள் பஸ் வரும் திசையையே பார்த்தாள்.

“மாமா பொய் சொன்னது பிழைதான். உன்னை அங்கை அனுப்பாமல் இருக்கத்தான்...”

அவள் சட்டென்று திரும்பினாள். கண் நிறைய நீர்.

“சொக்ஸ் வைக்கிறது என்ரை யோசினை. உப்புப் போட்டதும் என்ரை யோசினை. நீங்கள் உங்கடை எண்டு சொல்லிப்போட்டியள்!”

கிறிஸ்துநாயகம் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு, தெருவில் போகிறவர்கள் பார்க்க, பஸ் தரிப்பில் குந்தினார்.

“அது பெரிய பிழை பிள்ளை. மன்னிச்சுக்கொள். உனக்குத்தான் அந்த மூளை. எனக்கு அப்பிடி ஒரு யோசினை ஏழு பிறப்பெடுத்தாலும் வராது.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “மாமிக்குச் சொல்லுவியளோ?”

“சொல்லுறன்.”

“கோயிலுக்கு வாற ஆக்களுக்கு?”

“ஓம், எல்லாருக்கும் சொல்லுறன்.”

“அம்மா போன் எடுத்தால் அம்மாவுக்கும்?”

“அம்மாவுக்குத்தான் முதல்.”

அது போதுமா என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அதற்குள் நூற்றொன்பதாம் இலக்க பஸ் வந்து நின்றது. அவள் முதலாவதாக ஏறி, படிகளில் தடதடவென்று மேல்தட்டுக்கு ஓடினாள். அவர் மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்தபோது, முன்வரிசையில் யன்னலோரம் இருந்தாள். பக்கத்து இருக்கையில் வேறு யாரும் வந்து இருந்துவிடாமல் தன் பையை வைத்து, அதன்மேல் கையையும் ஊன்றிக்கொண்டு, “கெதியா வாங்கோ மாமா,” என்றாள்.